கடைசி வரிசை, இடது பக்க சீட்டு

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நம் ஈப்போ ஒர்க்‌ஷாப்பின் பின்சுவரில், புகை மெஷினுக்கு மேலே, ஆணியில் தொங்கும் துருப்பிடித்த குழாயின் படம். கீழே ஒரு கேள்வி: "அண்ணே, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். இந்தப் பழைய இரும்பத் தூக்கிப் போட்டுரலாமா?" கூடவே சிரிக்கிற மூஞ்சி ஒன்று.

எனக்குச் சுருக்கென்று வந்தது. நான் கோபக்காரன் என்பது ஈப்போவில் பாதிப் பேருக்குத் தெரியும். ஓய்வு பெற்றால் குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார், குறையவில்லை. பீடோரில் என் வீட்டு வாசலில் கொய்யா மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன், தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு, "தொட்டுப் பார், கையை ஒடிச்சிருவேன்" என்று ஒரு விரலால் தட்டினேன். அனுப்புவதற்கு முன் அழித்தும் விட்டேன். தப்பு உங்கள்மேல் இல்லை. அந்தக் குழாய் ஏன் அங்கே தொங்குகிறது என்று உங்கள் யாருக்கும் நான் சொன்னதே கிடையாது. சொல்லாததற்குக் காரணம் எளியது. அந்தக் கதையில் முட்டாள் நான்தான்.

இப்போது சொல்லிவிடுகிறேன். படித்த பிறகு குழாயை என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெட்ரோல் ஆவியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொட்டியில் எழும் ஆவியை வெளியே விடாமல் பிடித்து, கரி நிரப்பிய பெட்டியில் அடைத்து, பிறகு எஞ்சினுக்கு அனுப்பி எரிக்கிற ஏற்பாட்டை நீங்கள் வகுப்பில் உட்கார்ந்து படித்திருக்கிறீர்கள். நான் கையைச் சுட்டுக்கொண்டு படித்தேன். எஞ்சின் எண்ணெய் ஒழுகினால் தரையில் கறை இருக்கும். தண்ணீர் ஒழுகினால் சூடு ஏறும். ஆவி ஒழுகினால் ஒன்றும் இருக்காது, வண்டி ஜம்மென்று ஓடும். யாராவது ஒருவர் வந்து "வாடை வருது" என்று சொல்வார். அந்த ஒருவரை நம்புவதா வேண்டாமா என்பதில்தான் நம் தொழிலே இருக்கிறது. நான் நம்பவில்லை.

அவர் பெயர் செல்வி. நாங்கள் எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஈப்போவுக்குத் தெற்கே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது முக்கால்வாசி செம்பனையாகிவிட்ட ஓர் இடத்திலிருந்து பதின்மூன்று பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஜப்பானிலிருந்து பழசாக வந்த பெரிய வேன். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அதுதான். வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். சீட்டுக்கெல்லாம் தானே தைத்த உறை, முன்னால் முருகன் படம், கண்ணாடியில் ஒரு கைரேகை இருக்காது.

ஒரு சனிக்கிழமை எஞ்சின் விளக்கு எரிகிறதென்று வந்தார். கம்ப்யூட்டர் மெஷினை மாட்டிப் பார்த்தேன், ஆவி ஒழுகுகிறது என்று சொன்னது. பெட்ரோல் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புது மூடி போட்டேன், விளக்கை அணைத்தேன். இருபது நிமிட வேலை.

செவ்வாய்க்கிழமை காலையில், பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட கையோடு திரும்ப வந்து நின்றார்.

"அண்ணே, எண்ண வாட இன்னும் வருதுலா. பிள்ளைங்க மூக்கப் பொத்திக்கிதுங்க. ரெண்டு அம்மாமாருங்க போன் போட்டுட்டாங்க."

பெட்ரோல் அடிக்கிறதா என்று நான் உள்ளே தலையை விட்டு முகர்ந்தேன். சீட்டு உறையில் சோப்பு வாசனைதான் வந்தது. மெஷினை மாட்டினேன், குறை எதுவும் இல்லை. விளக்கும் எரியவில்லை.

"கம்ப்யூட்டரே ஒண்ணும் இல்லேன்னு சொல்லுது அக்கா."

"கம்ப்யூட்டர் சொல்லும் அண்ணே. ஆனா வாட வருதே."

தீபாவளிக்கு முந்திய வாரம் அது. வெளியே ஏழு கார் காத்திருந்தது. உள்ளே நான்கு பேர் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா? சொன்னேன்: "சாமி படம் வச்சிருக்கீங்கல்ல? காலையில ஒரு ஊதுபத்தி கொளுத்தி வைங்க அக்கா. எண்ண வாடையெல்லாம் தாப்பா டவுனத் தாண்டி ஓடிரும்."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தார். நல்ல ஜோக் அடித்த திருப்தியில் நான் அடுத்த காருக்குப் போனேன்.

அந்த மெஷின் திரையில் கீழே ஒரு சிறிய வரி இருக்கும், நீங்களும் தினம் பார்ப்பீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா, இல்லையா என்று சொல்கிற வரி. அன்று அது "முடியவில்லை" என்று காட்டியது. தொட்டி நிறைந்திருந்தால் அந்த வேன் ஆவிச் சோதனையைத் தொடங்கவே தொடங்காது. அக்கா ஞாயிறு மாலையில் தொட்டியை நிரப்புவார். பம்பு டக்கென்று நின்ற பிறகும் வண்டியைக் குலுக்கிக் குலுக்கி இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். நம்மில் யார் அப்படிச் செய்வதில்லை? ஆகவே, குறை இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை. இன்னும் பார்க்கவில்லை என்றுதான் சொன்னது. நான்தான் அதன் வாயில் "இல்லை" என்ற வார்த்தையைப் போட்டு, அதை அக்காவின் காதில் போட்டேன்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பது மணி இருக்கும், அக்கா மறுபடி வந்தார். பிரேக் கிறீச்சிடுகிறது என்றார். கையில் ஒரு பை நிறைய உளுந்து வடை, எல்லோருக்கும்.

"பசியாறிட்டீங்களாண்ணே? சூடா இருக்கு, எடுத்துக்குங்க. நீங்க சொன்னது நல்ல வேல செஞ்சிருச்சு."

என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவே இல்லை. வடையைக் கடித்துக்கொண்டே வண்டியை, உயர்த்திப் பார்க்கிற தூக்கியில் ஏற்ற உள்ளே உட்கார்ந்தேன். முருகன் படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பித்தளைக் குவளை, அதில் அரிசி. அரிசியில் பாதி எரிந்த மூன்று ஊதுபத்திகள் நின்றன. பக்கத்தில் மஞ்சள் லைட்டர் ஒன்று.

கையிலிருந்த வடையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, இது என்னா?"

"நீங்கதானே கொளுத்தச் சொன்னீங்க. தெனமும் பிள்ளைங்க எல்லாம் ஏறி உக்காந்தப்புறம் கொளுத்துவேன். இப்ப முன்ன மாதிரி யாரும் வாடன்னு சொல்றதில்ல."

எரிகிற குச்சிகூட ஒருவேளை மன்னிக்கும். லைட்டரின் தீ மன்னிக்காது. ஆவி ஒழுகுகிற வண்டியில், கதவையும் கண்ணாடியையும் மூடி, பதின்மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொரு காலையும் ஒரு தீ. மூன்று வாரம். என் சொல்லைக் கேட்டு! அன்று எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்தார், ஜோக் என்று அவருக்குத் தெரியவில்லை. ஏன் தெரிய வேண்டும்? இருபது வருடம் வண்டி பார்த்த ஆள் சொன்னால் கேட்டுக்கொள்வதுதானே வழக்கம். 

அக்கா இன்னொன்றும் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

"வாட எங்கேருந்துன்னும் கண்டுபுடிச்சிட்டேண்ணே. வண்டியில இல்லேன்னு நீங்க சொல்லிட்டீங்களா, அப்ப பிள்ளைங்ககிட்டதானே இருக்கணும்? தேவின்னு ஒரு பிள்ள, நாலாம் வகுப்பு. அவங்க அப்பா செம்பனையில புல்லு வெட்டுற மெஷின் வச்சு வேல பாக்குறாரு. மோட்டார் சைக்கிள்ல எண்ணக் கேன கட்டிக்கிட்டு, அதுலயே பிள்ளையையும் ஏத்திக் கொண்டாந்து விடுவாரு. பேக்கு, சட்ட எல்லாம் எண்ண வாட."

"அதனால?"

"பாவம், என்ன செய்யிறது? கடைசி வரிசையில இடது பக்கம் சன்னலோரமா தனியா உக்கார வச்சிருக்கேன். அவங்க அப்பா இப்ப மோட்டார விட்டுட்டு, தூரமெல்லாம் நடத்தியே கூட்டியாறாரு. ஆனா மத்த அம்மாமாருங்க விட மாட்டேங்குறாங்கண்ணே. இந்த வெள்ளிக்கெழம அவருகிட்ட சொல்லிரணும், வேற வேன் பாத்துக்குங்கன்னு."

அந்தப் பக்கம் வேறு வேன் கிடையாது. அது அக்காவுக்கும் தெரியும். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் வடைப் பையின் வாயை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அக்காமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் என்னைப் போலத்தான் ஆராய்ச்சி செய்திருந்தார், என்னைவிடக் கவனமாகவே செய்திருந்தார். அந்தப் பிள்ளை போன வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாள் தலைவலி என்று வரவில்லையாம். அந்த இரண்டு நாளும் வாடையே இல்லையாம். வேறென்ன சாட்சி வேண்டும்? வாரக் கடைசியில் தொட்டியில் எண்ணெய் இறங்கிவிடும், வாடையும் குறையும் என்பதை அவர் யோசிக்க வேண்டியதில்லை, அதற்குத்தான் நான் இருக்கிறேன். வண்டியில் குறை இல்லை என்று நான் கையை விரித்த இடத்திலிருந்துதான் அவர் ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார்.

வேன் சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டினேன். "இந்த வண்டி இன்னக்கி வெளிய போகாது அக்கா" என்றேன்.

அப்புறம் நடந்த சண்டை ஈப்போவின் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். வேனில் ஒன்றும் இல்லையென்று நான்தான் சொன்னேன், இப்போது வண்டியைப் பிடுங்கிக்கொள்வதும் நான்தான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? "ஒரு மணிக்கு ஸ்கூல் விட்டுரும்! பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்! சாவியக் குடுங்க!" என்று அழுதார். என்னிடம் சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

வேனைத் தூக்கியில் ஏற்றினோம். புகை மெஷினை மாட்டிப் புகையைப் பெட்ரோல் தொட்டிக்குள் விட்டோம், ஓட்டை இருந்தால் அந்த வழியாக வெளியே கசியும். நீங்கள் செய்வதுதான். டார்ச்சை வைத்துக்கொண்டு மூன்று பேர் அடியில் நின்று பார்த்தோம். நூல் அளவு புகைகூட வெளியே வரவில்லை. திரும்பச் செய்தோம், வரவில்லை. மணி பதினொன்று ஆகிவிட்டது.

கூட இருந்தவர்கள் பொறுமையாகத்தான் சொன்னார்கள். "அண்ணே, ஊதுபத்திய எடுத்துருவோம். கொளுத்தக் கூடாதுன்னு சொல்லி வண்டியக் குடுத்துருவோம். மெஷின் சுத்தமா இருக்குன்னு காட்டுது, இன்னும் என்ன பாக்குறது?"

நியாயமான யோசனை. சொல்லப்போனால் நானே சட்டைப்பைப் பட்டன்மேல் கையை வைத்துவிட்டேன். சாவியைக் கொடுத்தால் சண்டை முடிந்தது. ஆனால் அப்படிக் கொடுத்தால் குறை இல்லை என்று நான் இரண்டாம் தடவை சொன்னதாக ஆகும். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையின் வேன் நின்றுவிடும். அதோடு, இதே மாதிரி இன்னொரு மெஷின் சொன்னதைக் கேட்டுத்தான் நான் அந்த ஜோக்கை அடித்தேன்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து தவுக்கே இறங்கி வந்தார். எங்கள் முதலாளி, சீனர். உங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. நான் அவருடைய பெயரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அவர். சித்தியவான் பக்கம் தோட்டத்து முனையில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். கருவாடு நிறுத்துப் போட்டுப் போட்டே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். அந்தத் தமிழுக்கு இலக்கணம் அவரே வைத்ததுதான். ஆனால் எங்கள் யாரையும்விட அவருக்குத்தான் வாடிக்கைக்காரர் மனம் தெரியும்.

அக்கா அழுவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"நீ அக்காகிட்டே என்னா கேட்டே?" என்றார்.

"வாட வருதான்னு கேட்டேன் தவுக்கே. வருதுன்னாங்க."

"வாட எப்போ வர்லே? அது கேட்டியா?"

கேட்கவில்லை. இருபது வருடத்தில் யாரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

"கார் பொய் பேசாது, அக்கா பொய் பேசாது," என்று என் நெஞ்சில் ஒரு விரலால் குத்தினார். "நாம்பதான் மலாஸ். கேக்க மலாஸ்." மலாஸ் என்றால் சோம்பல். அதை அவர் சொல்லும்போது இரண்டு மடங்கு சோம்பலாகக் கேட்கும்.

அக்காவுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, எதிரில் ஒரு டயர்மேல் உட்கார்ந்தேன். கோபத்தை எல்லாம் விழுங்கிவிட்டுக் கேட்டேன், வாடை எப்போது வராது என்று.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "காலையில வீட்டுலேருந்து எடுக்கிறப்ப வராது. தோட்டத்துல போயி பிள்ளைங்கள ஏத்துனப்புறம்தான் வரும். ஸ்கூல்ல எறக்கிட்டு வெறும் வண்டியா வாரப்ப வராது." கொஞ்சம் நிறுத்தி, "அதனாலதானே அண்ணே பிள்ளைங்ககிட்டேருந்து வருதுன்னு நெனச்சேன்" என்றார்.

பிள்ளைகள் ஏறினால் வரும், இறங்கினால் போய்விடும்! நான் அந்த வேனைப் பார்த்ததெல்லாம் வெறும் வண்டியாக. அன்றும் என்ன செய்தேன்? தூக்கியில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுவிட்டு, ஒழுகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாரம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கிற வெடிப்பு, தொங்கும்போது இறுக மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரும் விடியற்காலையில், வண்டி காலியாகக் குளிர்ந்து நிற்கும்போதுதான் சோதித்துப் பார்க்கிறது. பிள்ளைகளோடு அந்த வண்டியைப் பார்த்தவர் அக்கா ஒருவர்தான்.

"எறக்குங்கடா வண்டிய! பாரம் ஏத்தணும்!"

உடனே எங்கள் பையன்கள் நான்கு பேர், நாங்களே ஏறி உட்காருகிறோம் என்று ஓடினார்கள். தவுக்கே கதவில் கையை வைத்து மறித்தார். "ஆள் வேணா. உள்ளே ஆவி இருக்கு, ஆள் ஏத்தாதே." அவசரத்தில் அது எனக்குத் தோன்றியிருக்குமா என்று இன்றுவரை தெரியவில்லை. பக்கத்து ஹார்ட்வேர் கடையிலிருந்து சிமெண்ட் மூட்டைகளைத் தூக்கி வந்தோம். உறை அழுக்காகிவிடும் என்று அக்கா அந்த அழுகையிலும் ஓடிவந்து பழைய பேப்பரை விரித்தார். மூட்டைகளைப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் ஒவ்வொன்றாக வைத்தோம். வேன் பின்பக்கம் தாழ்ந்தது.

தரையில் நிறுத்தியபடியே திரும்பவும் புகையை விட்டோம். இந்தத் தடவை அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்பக்க இடது சக்கரத்தின் மேல் வளைவிலிருந்து மெதுவாக வெள்ளைப் புகை கிளம்பியது. தோட்டத்துச் செம்மண் சக்கரத்துக்கு மேலே உள்பக்கத்தில் அப்பிக் கிடந்தது. எத்தனை வருடத்து மண்ணோ, ஈரம் காயாமல் இருந்து, மூடியிலிருந்து தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாயைத் தின்றிருந்தது. வண்டி தாழும்போது அந்த இடம் வளைந்து, வெடிப்பு திறந்துகொண்டது. நான் புது மூடி போட்ட இடத்திலிருந்து ஒரு முழம் கீழே.

தவுக்கே என் தோளைத் தொட்டு, ஜன்னல் வழியாக உள்ளே காட்டினார். வண்டிச் சுவரில் ஏதோ ஒரு ரப்பர் அடைப்பான் எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது. அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் புகை உள்ளேயும் வந்துகொண்டிருந்தது. கடைசி வரிசை, இடது பக்கம், சன்னலோரம். சீட்டின்மேல் இருந்த சிமெண்ட் மூட்டையைச் சுற்றி நின்றது புகை.

அக்கா என் பின்னால் நின்று பார்த்தார். "அது தேவி உக்கார்ற எடம்ணே" என்றார். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாடைக்குக் காரணம் என்று சொல்லி அந்தப் பிள்ளையை ஒதுக்கி உட்காரவைத்த இடத்தில்தான் வாடை அதிகம். அவளுக்கு வந்த தலைவலி எங்கிருந்து வந்ததென்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.  

பன்னிரண்டரை மணிக்கு நான் என் காரை எடுத்தேன். தவுக்கே தன்னுடைய பழைய பெரிய காரை எடுத்தார். மழை என்றால் வெளியே எடுக்காத கார் அது. சீட்டின் பிளாஸ்டிக் உறையை அவர் வாங்கிய நாளிலிருந்து கழற்றியதில்லை. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார். இரண்டு நடையாகப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டோம். அந்த பிளாஸ்டிக்கில் பிள்ளைகள் வழுக்கி விளையாடியதைத் தவுக்கே ஒரு வருடம் சொல்லிக் காட்டினார், பெருமையாக.

தேவி என் காரில்தான் வந்தாள். இரட்டைப் பின்னல், முதுகைவிடப் பெரிய பை. முன் கதவை நான் திறந்து வைத்திருந்தேன். அவள் யாரும் சொல்லாமலே பின்னால் போய், இடது ஓரம் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே வைத்துக்கொண்டாள்.

"முன்னால வாம்மா, சீட்டு காலியா இருக்கு."

"வேணாம் அங்கிள். என்மேல எண்ண வாட."

மற்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. பழகிப்போன செய்தி மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே சொல்லிவிட எனக்கு வாய் துடித்தது. ஆனால் பதின்மூன்று பேர் முன்னால் ஒட்டிய பெயரை நான்கு பேர் முன்னால் எடுக்க முடியாது. இதை அந்த வேனில் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

புதுக் குழாய் கோலாலம்பூரிலிருந்து வர இரண்டு நாள் ஆனது, அதுவரை எங்கள் கார்களிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டோம். மாட்டி, ஓட்டையை அடைத்து, புதன்கிழமை மாலை மூட்டைகளை ஏற்றிப் புகைவிட்டுப் பார்த்தோம், சுத்தம். அக்கா தொட்டியை நிரப்பினார். அந்த டக் சத்தத்தோடு நிறுத்தச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு அது போதவில்லை. வியாழக்கிழமை விடியலில் அக்கா வீட்டுக்கே போய், வேனில் ஏறி, கடைசி வரிசை இடது சீட்டில் நான் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பது வயதை நெருங்குகிறவன் முழங்காலை மடக்கி உட்காருகிற சீட்டா அது? ஆனாலும் உட்கார்ந்தேன். வாடை சொன்னவர் உட்கார்ந்த இடத்தில் நாம் உட்காராமல் வேலை முடிந்தது என்று சொல்லக் கூடாது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். வேன் தாழ்ந்தது. முகர்ந்தேன், தலை எண்ணெயும் பவுடரும்தான் வந்தன. கடைசியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேவி நடந்தே வந்தாள். அவர் தோட்டத்து வாசலிலேயே தள்ளி நின்றார், கிட்டே வரவில்லை. ஏறிய பிள்ளை நேராக என்னிடம் வந்து, "அங்கிள், இது என் எடம்" என்றாள்.

அக்கா எஞ்சினை நிறுத்தினார். இறங்கிப்போய் அப்பாவையும் கதவுக்குக் கிட்டே வரச் சொன்னார். நான் பேப்பரில் சுற்றி வைத்திருந்த பழைய குழாயைப் பிரித்தேன். நன்றாகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் போட்டதுதான், ஆனால் கிட்டே கொண்டுபோனால் பெட்ரோல் இன்னும் அடித்தது. ஒவ்வொரு பிள்ளையாக முகரச் செய்தேன். மூக்கைச் சுளித்தார்கள். "இதே வாடதான்!" என்று ஒரு பையன் கத்தினான்.

அக்கா பேச ஆரம்பித்தார். "இதுதான் நம்ம வண்டியில ஓட்டையா இருந்துச்சு. வாட இதுலேருந்துதான் வந்துச்சு. தேவிகிட்டேருந்து வரவே இல்ல. அக்காதான் தப்பா நெனச்சிட்டேன். தேவிம்மா, அக்காவ மன்னிச்சிரு."

"நானும்தாம்மா," என்றேன். "வண்டியில ஒண்ணும் இல்லேன்னு சொன்னவன் நான்தான்."

அவள் குழாயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை அந்த வெடிப்பில் வைத்துப் பார்த்தாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அங்கிள், அப்ப நாளைக்கிக் காலையில நான் ஒரு தடவ குளிச்சாப் போதுமா?"

அவளுடைய அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு, அந்தக் குளிரில், சோப்புப் போட்டு ஒரு தடவை, திரும்பவும் சோப்புப் போட்டு ஒரு தடவை. எத்தனை நாளாக என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

"போதும்மா" என்றேன்.

அன்று அவள் முன் சீட்டில், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போனாள். மறுநாள் அப்பா மோட்டாரிலேயே கொண்டுவந்து விட்டாராம், எண்ணெய்க் கேனோடு. அக்கா போன் போட்டுச் சொன்னார்.

குழாயைத் தேவி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். புகை மெஷினுக்கு மேலே ஆணி அடித்து அதை மாட்டியது தவுக்கேதான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

சுவருக்குப் பெயிண்ட் அடியுங்கள், நல்லதுதான், அந்த மூலை கரி பிடித்துப் போயிருந்தது. அடிக்கும்போது குழாயைக் கழற்றிக் கீழே வையுங்கள். காய்ந்ததும் அதே ஆணியில் மாட்டிவிட்டு, எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.